7-ஆம் தேதி சம்பளம், 45-ஆம் நாள் பில்: அரசு வேலை எடுக்கும் சிறு காண்ட்ராக்டருக்கும் அவரிடம் வேலை செய்பவருக்கும்

அரசு அலுவலகம், ரயில்வே, துறைமுகம், பொதுத்துறை நிறுவனம் இவற்றுக்குத் துப்புரவு, காவல், தோட்டம், டேட்டா என்ட்ரி என ஆள் அனுப்பும் சிறு காண்ட்ராக்டர் இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் பிழைக்கிறார். தொழிலாளியின் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அவர் கணக்கில் விழ வேண்டும். அரசின் பில் பணம் 45 நாளுக்குள் வர வேண்டும். முதல் தேதி யாருக்காகவும் நிற்காது. இரண்டாவது தேதி, பின்னால் நின்று தள்ளினால்தான் நகரும். மணிக்கூலி குறைவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பில் வரவில்லை என்று சம்பளத்தைப் பாதியாகக் கொடுப்பதும், 8 மணி நேரச் சம்பளத்துக்கு 12 மணி நேரம் நிறுத்துவதும், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

இரண்டையும் சரியாக நடத்த முடியும். டெண்டருக்கு ரேட் எழுதும் அன்றே அதற்கான வேலையைத் தொடங்க வேண்டும்.

ரேட்டில் கைவைத்தால் கூலியில் கைவைத்ததாகும்

மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் துப்புரவு வேலை என்று வைத்துக்கொள்வோம். 1-10-2024 அன்று நடப்பிலிருந்த ஆணைப்படி ஏ பிரிவு நகரங்களில் (சென்னை இதில் வரும்) துப்புரவுத் தொழிலாளிக்கான மத்தியக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ரூ.783. 26 நாளுக்கு ரூ.20,358. எட்டால் வகுத்தால் மணிக்கு ரூ.97.87. இந்த விகிதம் ஏப்ரல், அக்டோபர் என ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படியோடு மாறும். எனவே ரேட் போடும் நாளில் நடப்பிலுள்ள ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில அரசுத் துறை, மாநகராட்சி வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசின் விகிதம் பொருந்தும். அது ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறும்.

கூலியோடு கணக்கு முடியாது. முதலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம், காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் சேர்த்து இன்னொரு 1 சதவீதம். ரூ.15,000 உச்சவரம்பில் போட்டால் ரூ.1,950. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், ரூ.662. இதுவரை ரூ.22,970. போனஸுக்கு 8.33 சதவீதம், ரூ.1,696 ஒதுக்கினால் ஓர் ஆளுக்கு மாதம் ரூ.24,666. சீருடை, துடைப்பம், பினாயில், உங்கள் மேற்பார்வையாளர் சம்பளம், வட்டி, லாபம் எல்லாம் இதற்கு மேலேதான் வர வேண்டும்.

தங்கள் செலவுக்கும் லாபத்துக்குமான சேவைக் கட்டணத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எழுதி டெண்டர் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? சீருடைக்கு, ஐ.டி. கார்டுக்கு, ‘டெபாசிட்’டுக்கு என்று தொழிலாளியிடம் பிடிப்பார்கள். வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு மறுநாள் கையில் திருப்பி வாங்குவதும் உண்டு. இது திருட்டு. அப்படிப்பட்ட ரேட்டோடு போட்டி போட்டு நீங்களும் இறங்க வேண்டாம். அந்த வேலை போனால் போகட்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்: ‘குறைந்தபட்சக் கூலி உயரும்போது அந்த உயர்வும் அதற்கேற்ற பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையும் ஒப்பந்த ரேட்டில் சேரும்.’ இந்த வரி இல்லாத இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மத்திய விகிதம் நான்கு முறை மாறிவிடும். ஒவ்வொரு உயர்வும் உங்கள் பையிலிருந்து போகும், அல்லது தொழிலாளிக்குச் சேராமல் போகும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எத்தனை மாதச் சம்பளம் கையில் வேண்டும்

மேலே சொன்ன கணக்கில் 20 ஆள். போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அதை விட்டுவிட்டால் மாதச் செலவு ரூ.4,59,400. ஏப்ரல் மாத வேலைக்குச் சம்பளம் மே 7, பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் மே 15. பில் மே முதல் வாரம் கொடுக்கிறீர்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பணம் வர ஜூன் நடுப்பகுதி ஆகும். அதற்குள் மே மாதச் சம்பளமும் ஜூன் 7-இல் போயிருக்கும். முதல் ரூபாயைப் பார்ப்பதற்குள் ரூ.9,18,800 செலவாகிவிடும். பில் ஜூலைக்குத் தள்ளிப்போனால் ரூ.13,78,200.

இதோடு ஜி.எஸ்.டி. உண்டு. மே மாதம் போட்ட பில்லுக்கான வரியை, மாதாந்திரத் தாக்கல் செய்பவர் ஜூன் 20-க்குள் கட்டியாக வேண்டும். பணம் வந்ததா என்று அந்தச் சட்டம் கேட்காது. நகராட்சி, ஊராட்சிப் பணிகள் சார்ந்த சில தூய சேவைகளுக்கு (பொருள் சேராத, உழைப்பு மட்டுமான வேலை) விலக்கு உண்டு. உங்கள் வேலை அதில் வருகிறதா என்று ரேட் எழுதும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஆக, மூன்று மாதச் சம்பளத்துக்கு வழி இல்லாமல் 20 ஆள் வேலையை எடுக்காதீர்கள். ஆறு ஆள் வேலையை எடுத்து 7-ஆம் தேதி தவறாமல் சம்பளம் போடுவது அதைவிட நல்ல தொழில்.

உத்யம் பதிவு முதலில், டெண்டர் பிறகு

குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 தான் 45 நாள் உரிமையைத் தருகிறது. பெயரில் நடுத்தரமும் இருந்தாலும் இந்த உரிமை குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். 1-4-2025 முதல் குறு நிறுவனம் என்றால் முதலீடு ரூ.2.5 கோடி, விற்றுமுதல் ரூ.10 கோடி வரை. சிறு நிறுவனம் என்றால் ரூ.25 கோடியும் ரூ.100 கோடியும்.

உத்யம் என்பது இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. ஆதார், பான் வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். பணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. பதிவு செய்யும்போது உங்கள் தொழிலைச் சேவை என்ற வகையில், சரியான தொழில் குறியீட்டோடு பதியுங்கள். வெறும் வியாபாரம் என்று பதிந்தவர்களுக்கு வங்கிக் கடன் முன்னுரிமை மட்டும் கிடைக்கும், தாமத வட்டி உரிமை கிடைக்காது.

பதிவை எப்போது செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வேலை முடிந்து, பில் நின்று, பிறகு பதிந்து வந்தால் உரிமை இல்லை என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்குப் போனது. அந்த வாதத்தில் நீங்கள் சிக்க வேண்டாம். டெண்டர் போடும் முன்பே பதிந்து, பதிவு எண்ணை டெண்டரிலும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கட்டடம், சாலை போன்று பொருளும் உழைப்பும் கலந்த ஒர்க்ஸ் காண்ட்ராக்ட் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உள்பட சில உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. இங்கே சொல்வது சேவைக்கும் சரக்குக்கும்தான்.

பில் எங்கே நிற்கிறது

பணம் இல்லாமல் நிற்கும் பில்கள் உண்டு. தாளில் ஓட்டை இருந்து நிற்கும் பில்கள் அதைவிட அதிகம்.

ஒரு துப்புரவு பில்லைப் பிரித்துப் பாருங்கள். மேலே வரி பில். அடியில் வருகைப் பதிவு, அதில் அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பான அலுவலரின் கையெழுத்து. அதன் அடியில் சம்பளப் பட்டியல், வங்கியில் போட்டதற்கான அறிக்கை, பி.எஃப். சலானும் பெயர்ப் பட்டியலும், இ.எஸ்.ஐ. சலான். வருகைப் பதிவில் 512 ஆள்-நாள் இருக்கும், பில்லில் 520 இருக்கும். சம்பளப் பட்டியலில் ‘செல்வி’ என்றிருப்பவர் பி.எஃப். பட்டியலில் ‘தமிழ்ச்செல்வி’ என்றிருப்பார். வேறு இடத்தில் வேலை செய்யும் உங்கள் ஆட்களும் அதே பி.எஃப். பட்டியலில் கலந்திருப்பார்கள். இப்படி ஒன்று கண்ணில் பட்டதும் எழுத்தர் ஆட்சேபக் குறிப்பு எழுதுவார், ஃபைல் இரண்டு வாரம் படுத்துவிடும். இந்த இடத்துப் பெயர்களை மட்டும் வண்ணம் தீட்டி, பெயருக்கு எதிரே வருகைப் பதிவின் வரிசை எண்ணை எழுதிக் கொடுத்தால் அந்தக் குறிப்புக்கு இடமே இல்லை.

இன்னொரு முடிச்சு பி.எஃப். சலான். ஏப்ரல் மாத பி.எஃப். கட்ட மே 15 வரை நேரம் உண்டு. ‘நடப்பு மாதச் சலானை இணைத்தால்தான் பில் வாங்குவோம்’ என்று ஒப்பந்தம் சொன்னால், உங்கள் பில் ஒவ்வொரு மாதமும் 15 நாள் தாமதமாகவே தொடங்கும். ‘முந்தைய மாதச் சலான்’ என்று மாற்றக் கேளுங்கள். மாற்றாவிட்டால் மாத முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.

வருகைப் பதிவில் கையெழுத்தை மாதக் கடைசியில் வாங்கலாம் என்று விடாதீர்கள். அலுவலர் மாற்றலாகிப் போனால் புதியவர் போன மாதத்துக்குக் கையெழுத்திட மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. வாரம் ஒருமுறை, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தேதி இல்லாத கையெழுத்தால் பயன் பாதிதான்.

பில்லை மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் உள்வரவு எண்ணும் தேதி முத்திரையும் வாங்குங்கள். அங்கிருந்து பில் பிரிவுக்குப் போகும், அதிகாரி ஒப்புதல் கொடுப்பார், கருவூலத்துக்கோ கணக்கு அலுவலகத்துக்கோ போய் டோக்கன் (அங்கே பில்லுக்குத் தரும் பதிவு எண்) விழும். டோக்கன் எண் கிடைத்த பிறகு பிரிவு எழுத்தரைத் தொந்தரவு செய்வதில் பயனில்லை, கருவூலத்தில்தான் கேட்க வேண்டும். மார்ச் மாதம் மட்டும் தனிக் கவனம். ஆண்டு ஒதுக்கீடு மார்ச் 31-உடன் முடியும். பிப்ரவரி பில்லை மார்ச் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். நழுவினால் புதிய ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டிவரும்.

அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் வழியாக வந்த வேலையில் இந்த அலைச்சல் குறைவு. வேலையை ஏற்றதாக அலுவலகம் தரும் ஏற்புச் சான்று தளத்திலேயே விழ வேண்டும், விழுந்த 10 நாளில் பணம் தர வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த ஏற்புச் சான்று விழுந்ததா என்று தினமும் பாருங்கள். அது விழாத வரை 10 நாள் கணக்கு தொடங்காது.

45 நாளை எண்ணுவது எப்படி

பலர் பில் கொடுத்த தேதியிலிருந்து எண்ணுகிறார்கள், அது தவறு. சட்டம் எண்ணுவது சரக்கு அல்லது சேவை ஏற்கப்பட்ட நாளிலிருந்து. கொடுத்து முடித்த 15 நாளுக்குள் அலுவலகம் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், கொடுத்த நாளே ஏற்ற நாள். ஏப்ரல் சேவை 30-ஆம் தேதி முடிகிறது. மே 15 வரை எழுத்தில் ஆட்சேபம் இல்லை. 45-ஆம் நாள் ஜூன் 14. ஜூன் 15 முதல் வட்டி. ஒப்பந்தத்தில் பணம் தரும் நாளே குறிப்பிடவில்லை என்றால் 45 கூடக் கிடையாது, 15 நாள்தான். ‘நிதி வந்ததும் வழங்கப்படும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. ஒப்பந்தத்தில் எது இருந்தாலும் இந்தச் சட்டமே மேல்.

வாய்ப்பேச்சில் வந்த குறை கணக்கில் வராது. ‘கழிவறை சுத்தமாக இல்லை’ என்று போனில் சொன்னால், அன்றே சரிசெய்து, சரிசெய்ததைக் கடிதமாகக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

ஆட்சேபத்துக்கான 15 நாள் முடிந்ததும் முதல் கடிதம் போக வேண்டும். சண்டைக் கடிதமாக எழுதத் தேவையில்லை. இப்படிப் போதும்:

‘தங்கள் அலுவலகத்துக்கு 01-04-2025 முதல் 30-04-2025 வரை அளித்த துப்புரவுச் சேவைக்கான பில் தங்கள் தபால் பிரிவில் ___ எண்ணில் ___ தேதியில் பெறப்பட்டுள்ளது. சேவை முடிந்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ மறுப்பு ஏதும் வரவில்லை. குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 பிரிவு 15-இன்படி 14-06-2025-க்குள் தொகை வழங்கப்பட வேண்டும். எங்கள் உத்யம் பதிவு எண் ___. பில் தற்போது எந்தப் பிரிவில் உள்ளது என்றும், குறை ஏதும் இருப்பின் அதையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். இத்தொகையிலிருந்தே 20 தொழிலாளர்களின் ஊதியச் செலவு ஈடுசெய்யப்படுகிறது.’

46-ஆம் நாள் இரண்டாவது கடிதம், வட்டிக் கணக்கோடு. அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமை மனு. பில் பிரிவுக்கு வந்த தேதி, ஒவ்வொரு மேசையிலும் இருந்த நாள், டோக்கன் எண், அந்தக் கணக்குத் தலைப்பில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று நான்கு கேள்வி போதும். கட்டணம் ரூ.10, பதில் 30 நாளில். இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது. நிறுவனத்தின் லெட்டர்பேடில் போட்டால் திருப்பி அனுப்ப வழி கிடைக்கும். உங்கள் சொந்தப் பெயரில் வெள்ளைத்தாளில் போடுங்கள்.

வட்டியும் கவுன்சிலும்

தாமத வட்டி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ரெப்போ விகிதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு. 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை பேங்க் ரேட் 6.75 சதவீதம். மூன்று மடங்கு 20.25, மாதத்துக்கு 1.6875. ரூ.4,00,000 பில் அந்தக் காலத்தில் ஆறு மாதம் தாமதமாகியிருந்தால் வட்டி சுமார் ரூ.42,248. பேங்க் ரேட் மாறிய மாதத்திலிருந்து புது விகிதத்தைப் போடுங்கள்.

புகாரை மத்திய குறு, சிறு நிறுவன அமைச்சகத்தின் இணையதளத்தில் (எம்.எஸ்.எம்.இ. சமாதான் என்ற பெயரில் அறிமுகமானது) பதியலாம். அது உங்கள் பகுதியின் குறு, சிறு நிறுவன வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். ஆவணங்களில் தடுமாறினால் மாவட்டத் தொழில் மையத்தில் உதவி கேளுங்கள். உத்யம் சான்று, ஒர்க் ஆர்டர், பில், முத்திரை விழுந்த நகல், ஆட்சேபம் வரவில்லை என்று காட்டும் கடிதங்கள், வட்டிக் கணக்கு, இவைதான் வழக்கு. கவுன்சில் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீள்கிறது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு வந்துவிட்டால் பலம் உங்கள் பக்கம். அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் அலுவலகம் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் பழைய பாக்கியை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், காலக்கெடு வாதம் வரும்.

‘புகார் கொடுத்தால் அடுத்த டெண்டர் கிடைக்காது’ என்ற பயம் பொய்யில்லை. அதனால்தான் கடிதங்களை முதலில் சொன்னோம். பல பில்கள் இரண்டாவது கடிதத்தில், வட்டித் தொகையைக் கண்ணால் பார்த்ததும் நகர்கின்றன. அசல் வந்ததும் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்து கேட்டால், ‘அசல் தொகை மட்டும் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வாங்குபவர் பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் டிரெட்ஸ் (பில்லை வைத்து முன்கூட்டியே பணம் பெறும் இணையத் தளம்) வழி உண்டா என்று கேளுங்கள். அவர்கள் தளத்தில் பில்லை ஏற்றதும் வங்கிகள் அதன்மேல் விலை கூறும், ஓரிரு நாளில் வட்டி கழித்துப் பணம் வந்துவிடும். பின்னர் அந்த நிறுவனம் வங்கிக்குக் கட்டாவிட்டாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். நீங்கள் தனியார் பெரிய காண்ட்ராக்டருக்குக் கீழே வேலை செய்பவரா? கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அவர் அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் வந்த விதி இது. மார்ச்சுக்கு முன் நினைவூட்டுங்கள்.

தொழிலாளி பார்க்க வேண்டிய கணக்கு

காண்ட்ராக்டர் சொல்லும் மாதத் தொகையைப் பார்க்காதீர்கள், மணிக்கூலியைப் பாருங்கள். பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தை உண்மையில் நின்ற மணி நேரத்தால் வகுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. ரூ.783 நாள்கூலிக்கு 12 மணி நேரம் நின்றால் முதல் எட்டு மணிக்கு 783, மீதி நான்கு மணிக்கு 783, மொத்தம் ரூ.1,566. 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஒற்றைக் கூலி கொடுத்தால் பாதிச் சம்பளம் போய்விட்டது என்று பொருள்.

ஒரு சின்ன நோட்டில் வந்த நேரம், போன நேரம், அன்று மேற்பார்வையிட்டவர் பெயர் எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டு கேட்டு வாங்குங்கள். பி.எஃப். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை அரசின் உமங் செயலியில் பாருங்கள். சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லையென்றால், அது தனிக் குற்றம்.

21-11-2025 முதல், பழைய கூலிச் சட்டங்களுக்குப் பதிலாக ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. குறைவான கூலிக்கான கோரிக்கையை மூன்று ஆண்டு வரை எழுப்பலாம். முன்பு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதம்தான். குறைந்த தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு உத்தரவிட அதிகாரியால் முடியும். கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மத்திய அரசு நிறுவனம், ரயில்வே, துறைமுக வேலை என்றால் மத்தியத் தொழிலாளர் உதவி ஆணையர். மாநிலத் துறை, உள்ளாட்சி என்றால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்துக்கும் சமாதான் என்ற பெயரிலேயே தளம் உண்டு. சிறு நிறுவனத் தளத்தில் போய்ச் சம்பளப் புகாரைப் பதிந்துவிடாதீர்கள்.

காண்ட்ராக்டர் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும். புகார் நகலை அந்த அலுவலகத்துக்கும் கொடுத்து உள்வரவு எண் வாங்குங்கள்.

காண்ட்ராக்டருக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. 7-ஆம் தேதி கையில் பணம் இல்லை, பில் உள்ளே நிற்கிறது என்றால், ஓடி ஒளியாமல் 5-ஆம் தேதியே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்: ‘எங்களுக்கு வர வேண்டிய பில் தொகையிலிருந்து இணைப்பிலுள்ள 20 பேருக்கு ஊதியத்தை நேரடியாக அவர்கள் வங்கிக் கணக்கில் செலுத்தி, மீதியை எங்களுக்கு வழங்கச் சம்மதிக்கிறோம்.’ பெயர், கணக்கு எண், தொகை அடங்கிய பட்டியலை இணைத்து, ஒரு நகலைத் தொழிலாளர்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள்.